தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? வடசென்னை வீடு, கடைகளுக்கான மழைக்காலப் பிழைநீக்கம்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்தால் போதும், எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "அண்ணே, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. எத்தனை எச்.பி. மோட்டார் வாங்கலாம்?" கட்டடப் பராமரிப்பு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை ஏறி இறங்காத சந்து கிடையாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?" பாதிப் பேரிடம் பதில் இருக்காது. மோட்டாரை வாங்கி, வீட்டுத் தண்ணீரைத் தெருவில் விட்டு, அதே தண்ணீர் வாசல் வழியாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே விடியவிடிய டீசல் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும்.

வடசென்னை தட்டை நிலம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் என்று எங்கே நின்றாலும் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரம்தான். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் மூன்றும் பக்கிங்காம் கால்வாயில் போய் விழுகின்றன. அந்தக் கால்வாயின் வடக்குப் பகுதி எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலைத் தேடுகிறது. தண்ணீரைத் தள்ளிவிட இங்கே சரிவு என்று பெரிதாக எதுவும் இல்லை. அதனால் உங்கள் மனையில் வாட்டம், அதாவது தரைச் சரிவு, இரண்டு அங்குலம் தப்பினாலும் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

நான் தண்ணீரை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். உங்கள் கூரையிலும் முற்றத்திலும் விழுந்தது மேல் தண்ணீர். வாசல் தாண்டி வருவது தெருத் தண்ணீர். பாத்ரூம், சேம்பர் (குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி), தரை இடுக்கு வழியாகக் கீழிருந்து பொங்குவது அடித் தண்ணீர். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என் சொந்தத் தப்பு ஒன்றை வைத்தே பின்னால் சொல்கிறேன்.

எதையும் உடைக்கும் முன்

தண்ணீர் மின்சாரப் பெட்டியையோ தாழ்வாக இருக்கும் பிளக் பாயிண்டையோ நெருங்கினால் முதலில் மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டுதான் மெயினைத் தொட முடியும் என்றால் தொடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அவர்கள் வெளியே துண்டிக்கட்டும்.

அப்புறம் ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு கோடு. நிறம் பாருங்கள், மோந்தும் பாருங்கள். மேல் தண்ணீர் தெளிவாக இருக்கும், இலைச் சருகு மிதக்கும். தெருத் தண்ணீர் டீ நிறத்தில், பிளாஸ்டிக் கவரோடு வரும். அடித் தண்ணீருக்கு அறிமுகம் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். இந்த நாலைந்து கோடுகள் இருந்தால் எனக்கு உங்கள் வீட்டைப் பார்க்காமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அறிகுறி: மழை பெய்யும்போது முற்றத்தில் நிற்கிறது, நின்று அரை மணியில் வடிந்துவிடுகிறது

இருப்பதிலேயே நல்ல நோய் இது. வெளியேறும் வழி இருக்கிறது, அதன் வேகம்தான் போதவில்லை.

ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். அரை கிரவுண்டு மனை 1,200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 111 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஒரு கொட்டு கொட்டினால், அந்த மனையில் மட்டும் மணிக்கு 11,000 லிட்டருக்கு மேல் சேரும். ஒரு தண்ணி லாரி அளவு. இதை வெளியே அனுப்ப, 100-க்கு 1 வாட்டத்தில் அடைப்பில்லாமல் ஓடும் ஒரு 4 அங்குலக் குழாய் போதும். முழு கிரவுண்டு என்றால் 6 அங்குலம் போட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த வாட்டம் இருக்கிறதா? பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குல இறக்கம் வேண்டும். கொத்தனார் கண்ணால் பார்த்து "சரியா இருக்குண்ணே" என்று சொன்னதை நம்ப வேண்டாம். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு முனையையும் இரண்டு சுவரில் பிடித்து மட்டம் குறியுங்கள். ஐம்பது ரூபாய் டியூப் காட்டும் உண்மையை அனுபவம் காட்டாது, என் அனுபவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாட்டம் கால் பங்காகக் குறைந்தால் குழாயில் பாயும் அளவு பாதியாகிவிடும். 4 அங்குலம் போட்டும் போதவில்லை என்று வருகிற வீடுகளில் பெரும்பாலும் கதை இதுதான்.

வாட்டம் சரியாக இருந்தால் அடைப்பு. கடைசிச் சேம்பரின் மூடியைத் திறந்து, குழாய் வாயில் எவ்வளவு மண் இருக்கிறது என்று பாருங்கள். குழாய்க்கு முன்னால் ஒரு அடி ஆழத்துக்கு ஒரு சிறு தொட்டி கட்டி, மேலே ஜாலி போட்டால் மண் அங்கேயே தங்கும். ஜாலியில் துணி கிளிப்பும் ஷாம்பு பாக்கெட்டும் சேரும். வாரம் ஒரு முறை கையை விட்டு எடுக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

அறிகுறி: மழை நின்று ஒரு நாள் ஆகியும் இறங்கவே இல்லை

இப்போது பிரச்சினை உங்கள் காம்பவுண்டுக்கு வெளியே. வீட்டுக் குழாயில் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருப்பது வீண்.

தெரு வடிகாலின் நிலவரம் அறிய எனக்கு ஒரு பழைய வழி உண்டு: ஒரு கை பொரி. தெருவோரம் இருக்கும் ஜாலி வாயில் தூவுங்கள். பொரி உள்ளே இழுக்கப்பட்டால் வடிகால் உயிரோடு இருக்கிறது, மெதுவாக வேலை செய்கிறது. அங்கேயே சுற்றினால் வடிகால் நிரம்பி நிற்கிறது, அல்லது ஜாலிக்குக் கீழே இருக்கும் வண்டல் வடிகட்டித் தொட்டியே அடைத்திருக்கிறது. பக்கத்துத் தொட்டியிலும் ஒரு பிடி தூவினால் இரண்டில் எது என்று தெரியும். பொரி ஜாலியை விட்டு வெளியே வந்து உங்கள் வாசலைப் பார்த்து மிதந்தால் கால்வாய் எதிர்த்துத் தள்ளுகிறது.

எதிர்த்துத் தள்ளுவதற்கு வடசென்னையில் ஒரு தனிக் காரணம் கடல். ஓதம் ஏறும் நேரத்தில் முகத்துவாரத்தில் கடல் மட்டம் உயர்ந்து, கால்வாய் வடிய இடமில்லாமல் நிற்கும். சாக்பீஸ் கோடு இதைக் காட்டிக்கொடுக்கும். மழையே இல்லாமல் ஐந்தாறு மணி நேரம் தண்ணீர் இறங்கி, மறுபடி ஐந்தாறு மணி நேரம் ஏறினால் அது கடலின் வேலை. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே பன்னிரண்டரை மணி நேரம் போல இருக்கும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடுதல். எர்ணாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசிமேட்டிலோ எண்ணூரிலோ படகு வைத்திருக்கும் யாரையாவது கேட்டால், வற்றம், அதாவது கடல் இறங்கும் நேரம், எத்தனை மணிக்கு என்று விரல் விட்டுச் சொல்வார். மோட்டார் போடுவதென்றால் அந்த வற்றத்தில் போடுங்கள். அப்போதுதான் தெரு வடிகால் வாங்கும்.

மாநகராட்சிக்கு 1913 என்ற புகார் எண்ணில் சொல்லும்போது "எங்க தெருவுல தண்ணி நிக்குது" என்று மட்டும் சொன்னால், அதே நாளில் வரும் ஆயிரம் புகாரில் அதுவும் ஒன்றாகப் போய்விடும். எந்த ஜாலி வாங்கவில்லை, அதற்கு நேர் எதிரே உள்ள மின்கம்பத்தின் எண், எந்தத் திசையில் வடிகால் போகிறது, எத்தனை மணி நேரமாக மட்டம் மாறவில்லை என்று சொல்லுங்கள். மண்டலமும் தெரிந்திருக்கட்டும்: திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. கழிவுநீர் வாடை அடித்தால் மாநகராட்சியோடு நிற்காமல் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கும் 044-4567 4567 எண்ணில் சொல்லுங்கள். மழைநீர் வடிகால் ஒருவருடையது, பாதாளச் சாக்கடை இன்னொருவருடையது. "அது எங்களுது இல்லைங்க" என்று இரண்டு பக்கமும் சொல்லக் கேட்டவன் நான். அதனால்தான் வாடையை முதலிலேயே பார்த்துவைக்கச் சொல்கிறேன்.

கொசஸ்தலையாறு படுகையில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு புதிய வடிகால்கள் கட்டப்படும் தெருக்களில் இன்னொரு சிக்கலையும் பார்க்கிறேன். புது வடிகாலின் துளை உங்கள் பழைய முற்றத்தைவிட உயரத்தில் இருக்கலாம். கட்டும்போதே வாசலில் நின்று மட்டம் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஸ்லாப் மூடிய பிறகு கேட்டால் கான்கிரீட்டை உடைக்க வேண்டிவரும்.

அறிகுறி: தெருவில் அவ்வளவாக இல்லை, ஆனால் பாத்ரூமில் பொங்குகிறது

இந்த அறிகுறியில்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வியாசர்பாடியில் ஒரு சந்து வீடு. கீழே ஆயா, மேலே மகன் குடும்பம். ஒவ்வொரு மழைக்கும் தரை வடிகால் வழியாகக் கழிவுநீர் ஏறும். ஆயா பாத்ரூம் சுவரில் மூன்று வருடக் கோடுகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார், பேரப்பிள்ளை உயரம் குறிப்பது மாதிரி. 2021 செப்டம்பரில் கடைசிச் சேம்பரில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தினேன். தெருச் சாக்கடை நிரம்பினால் வால்வின் நாக்கு மூடிக்கொள்ளும், கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பாது. வேலை சுத்தம், ஆயா மோர் கொடுத்தார், வந்துவிட்டேன்.

நவம்பர் 7, விடிந்தும் விடியாத நேரம். முந்தின இரவு சென்னை முழுக்க ஊற்றியது பலருக்கும் நினைவிருக்கும். ஆயா போன்: "தம்பி, தெருவுல முழங்காலுக்குக் கீழதான் நிக்குது. பாத்ரூம்ல கட்டில் மட்டத்துக்கு வந்துடும் போல. நீ வச்ச மூடி இன்னா பண்ணுது?"

போய்ப் பார்த்தேன். டார்ச் அடித்தால் பாத்ரூம் தண்ணீர் தெளிவாக இருந்தது. நாற்றமே இல்லை. ஒரு வேப்பிலைக் கொத்தும், மொட்டை மாடித் தளத்தில் பதிக்கும் தட்டோட்டுச் சில்லும் சுற்றிக்கொண்டிருந்தன. சாக்கடையில் தட்டோடு எங்கே வரும்? மொட்டை மாடிக் குழாயைப் பல வருடம் முன்பே யாரோ சுவருக்குள் புதைத்து, அதே சேம்பரில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். என் வால்வு தெருவை ஒழுங்காகத் தடுத்துவிட்டது. மாடியிலிருந்து வந்த அவ்வளவு மழையும் போக வழியில்லாமல், ஆயாவின் பாத்ரூம் வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. அடித் தண்ணீர் என்று நினைத்து நான் மருந்து கொடுத்தேன். உள்ளே இருந்தது மேல் தண்ணீரும் கலந்த நோய்.

மகன் எனக்கு ஆக்சா பிளேடு எடுத்துக் கொடுத்தார். மாடிப்படிக்குப் பின்னால் அந்தக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு மேலே, மார்பு உயரத்தில் அறுத்தேன். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு முற்றத்தில் விழுந்தது, நான் முழுக்க நனைந்தேன். பத்து நிமிடத்தில் பாத்ரூமில் ஏற்றம் நின்றது. "சரி, இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார் ஆயா. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் சுட்டது.

ஆகவே, வால்வு போடும் முன் ஒரு சோதனை. ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மொட்டை மாடி வாயில் ஊற்றுங்கள். கீழே கழிவுநீர்ச் சேம்பர் மூடியைத் திறந்து வைத்து ஒருவர் பார்க்கட்டும். நீலம் அங்கே வந்தால், முதலில் அந்தக் குழாயைப் பிரித்து முற்றத்துக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ திருப்புங்கள். மழைநீரைச் சாக்கடையில் விடவே கூடாது. இப்படித் தெருவுக்கு இருபது வீடு விட்டால், மழை நாளில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு ஆடும், அந்தத் தண்ணீர் தாழ்வான வீட்டைத் தேடிப் போகும்.

இன்னும் இரண்டு விஷயம். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது, அதனால் குளியல், துவையலை நிறுத்தி வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை நாக்கில் முடி, துணி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வால்வு இல்லாத வீட்டில் அன்றைய இரவுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு: கனமான பாலிதீன் பையில் முக்கால் அளவு மணல் போட்டு, தரை வடிகால் வாயிலும் கழிப்பறைக் கோப்பையிலும் அழுத்தி வையுங்கள். கொஞ்சம் கசியும், பொங்காது.

சேம்பரைச் சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஐந்தடி ஆழச் சேம்பரிலும் நச்சு வாயு நிற்கும், அது ஆளைக் கத்தவும் விடாது. மனிதரைச் சாக்கடையில் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். "இதோ ரெண்டு நிமிஷம் இறங்கிட்டு வந்துடறேன்" என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். வாரியத்தின் உறிஞ்சு வண்டிக்குக் காத்திருங்கள்.

அறிகுறி: வாசல் படியைத் தாண்டி வருகிறது

இது முழுக்க முழுக்கத் தெருத் தண்ணீர். காரணம் பெரும்பாலும் ஒன்றே: சாலை உயர்ந்துவிட்டது, வீடு அங்கேயே நிற்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரத்தில் இரண்டு படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வந்த வினை. 2021-ல், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும் அன்று, வாசல் படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப்போடு அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். சுரண்டாமல் போட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்கலாம்.

ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட வீட்டுக்குச் சிக்கனமான வழி வாசல் பலகை. நிலையின் இரண்டு பக்கமும் அலுமினியச் சேனல் அடித்து, ரப்பர் ஓரம் வைத்த பலகையை மழை வரும்போது மேலிருந்து இறக்குவது. ஒன்றரை, இரண்டு அடி உயரம் போதும். அதற்கு மேல் தடுத்தால் வெளியே ஏறும் தண்ணீரின் அழுத்தத்தைப் பழைய செங்கல் சுவர் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். சுவர் தள்ளுவதைவிடத் தண்ணீர் உள்ளே வருவது மேல். பலகை போட்டால் பாத்ரூம் வழியையும் அடைக்க வேண்டும், மறந்தால் முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை.

வாசலில் தடுப்பு கட்டுகிறேன் என்று சாலை வரைக்கும் சாய்தளத்தை நீட்டி, தெரு ஜாலியை சிமெண்டால் மூடிவிடுகிறார்கள். பைக் ஏற்ற வசதியாம். தண்ணீர் உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்போது அந்தச் சாய்தளத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: மொட்டை மாடியில் குளம், கீழே கூரை ஒழுகல்

மாடிக் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பந்து, காக்கைக் கூடு, பட்டத்து வால் எல்லாம் எடுத்திருக்கிறேன். அடைப்பு இல்லை என்றால் குழாய் போதவில்லை. கொட்டும் மழைக்கு ஒரு 4 அங்குல இறங்குகுழாய் சுமார் 40 சதுர மீட்டர், அதாவது 430 சதுர அடிக் கூரையைத்தான் கவனிக்கும். 1,200 சதுர அடி மாடிக்கு ஒரே குழாய் விட்டிருந்தால் அது மேஸ்திரி மிச்சம் பிடித்தது. இன்னும் இரண்டு குழாய், வேறு வேறு மூலையில். கைப்பிடிச் சுவரில் இரண்டு அங்குல உயரத்தில் ஒரு அவசர ஓட்டையும் விடுங்கள். எல்லாம் அடைத்தாலும் குளமாகிக் கூரைக்குப் பாரம் ஏறாது.

அறிகுறி: தண்ணீர் வரவில்லை, சுவர் மட்டும் ஓதம் காக்கிறது

கடல் ஏற்றத்துக்கும் ஓதம் என்றுதான் பெயர், சுவர் ஈரத்துக்கும் ஓதம் என்றுதான் பெயர். தமிழ் இந்த ஊருக்கென்றே செய்துவைத்த சொல் போலிருக்கிறது.

அஸ்திவாரத்தை ஒட்டி மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறதா பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாக இடம் கிடைத்த மூலையில் தோண்டியவை ஏராளம். ராயபுரம், திருவொற்றியூர்க் கடலோர மணலில் குழி நன்றாக வாங்கும். வியாசர்பாடி, கொடுங்கையூர்க் களிமண்ணில் அது தொட்டியாகத்தான் நிற்கும். ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் காலியானால் மண் வாங்குகிறது. மறுநாள் காலை வரை அப்படியே இருந்தால் குழியை நம்ப வேண்டாம். மாடித் தண்ணீரை முதலில் வடிகட்டி வழியாகத் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் பிடித்து, மிச்சத்தைத் தெரு வடிகாலுக்கு அனுப்புங்கள். எந்த மண்ணானாலும் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளித்தான் நான் குழி தோண்டுவேன்.

அறிகுறி: சம்ப் தண்ணீர் வாடை அடிக்கிறது

வெள்ளம் மூடி வழியாக உள்ளே போயிருக்கிறது. குடிக்கவும் பல் துலக்கவும் நிறுத்துங்கள். முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி அரை மணி விடுங்கள். குடிக்கக் காய்ச்சித்தான். ஊரெல்லாம் தண்ணீர் நிற்கும்போது சம்ப்பை முழுக்கக் காலி செய்யாதீர்கள், அடியிலிருந்து நிலத்தடி நீர் தூக்கி விரிசல் விடும். தெரு வடியட்டும். சம்ப் மூடிக்குச் சுற்றி முக்கால் அடி உயரத்துக்குக் கழுத்து கட்டியிருந்தால் பாதி வீடுகளில் இந்த வேலையே வந்திருக்காது.

தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் எண்ணெய். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கத்து வீடுகள் பார்த்தது அதைத்தான். அடுப்பு பற்றவைக்காதீர்கள், வெறுங்காலோடு இறங்காதீர்கள், மோட்டாரால் இறைத்துக் கால்வாயில் தள்ளாதீர்கள். அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லி, அந்தச் சம்ப்பை வேலைக்கு எடுப்பதை மறந்துவிடுங்கள், அவர்கள் சுத்தம் செய்து முடிக்கும் வரை.

கடை, குடோன், அடித்தளப் பார்க்கிங்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்களுக்கு ஒரே வார்த்தை: கடைசித் தட்டை தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்குங்கள். ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை போட்டால் தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கும், தேங்கும் தண்ணீரைத் தடுக்காது. அதற்கு வாசல் பலகைதான்.

மாதவரம், மணலிக் குடோன்களில் நடு ஷெட்டில் ஒழுகல் என்றால் ஆணி ஓட்டையைத் தேடும் முன் இரண்டு கூரையும் சேரும் பள்ளத் தகரத்தைப் பாருங்கள். லாரித் தூசியும் புறா எச்சமும் கெட்டியாகி, தண்ணீர் பக்கவாட்டில் ஏறி உள்ளே விழும். வருடத்துக்கு இரண்டு முறை வாரினால் போதும்.

அடித்தளப் பார்க்கிங்தான் பெரிய தலைவலி. சாய்தளத்தில் விழும் மழை முழுக்க உள்ளேதான் வரும். 20 அடி அகலம், 50 அடி நீளச் சாய்தளம் 93 சதுர மீட்டர். கொட்டும் மழையில் நிமிடத்துக்கு 155 லிட்டர். இதைத் தாங்கும் மோட்டார் சின்னதுதான், சிக்கல் வேறு இடத்தில். சாலை முனையில் சாய்தளம் முதலில் அரை அடியாவது ஏறி, அப்புறம் இறங்க வேண்டும். அந்த மேடு இல்லாவிட்டால் தெருவே உள்ளே வரும், எந்த மோட்டாரும் தெருவை இறைக்க முடியாது. சாய்தளத்தின் அடியில் குறுக்கே ஜாலி போட்ட வாய்க்கால், அதிலிருந்து மோட்டார்த் தொட்டி. வெளியேற்றும் குழாயை வெள்ள மட்டத்துக்கு மேலே ஒரு வளைவு ஏற்றிவிட்டுத் தெருவில் இறக்குங்கள், மோட்டார் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி வராது. மோட்டார் இரண்டு வேண்டும், ஒன்று நின்றால் இன்னொன்று எடுக்க. இரண்டுக்கும் மிதவை சுவிட்ச் தனித்தனி. ஜெனரேட்டரையும் மின்பலகையையும் அதே அடித்தளத்தில் வைத்திருந்தால் நான் மேலே எழுதிய எதுவும் உதவாது. மின்சாரம் போகும், ஜெனரேட்டர் மூழ்கும், மோட்டார் சும்மா இருக்கும்.

அறிகுறி: மழையே இல்லை, மே மாதத்தில் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது

யாரோ கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டிருக்கிறார்கள். யாரோ என்பது நீங்களாகவும் இருக்கலாம், பழைய உரிமையாளர் செய்த வேலையாக இருக்கும். சொட்டு நீல வாளியை இந்த முறை கழிப்பறையில் ஊற்றி, வாசல் வடிகாலில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். நீலம் தெரிந்தால் வாரியத்தில் முறையான இணைப்புக்கு மனு கொடுங்கள், அதைச் செய்ய மே மாதம்தான் நல்ல நேரம்.

ஆவணி கடைசியில் மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பாருங்கள். போன வருடம் கொடுங்கையூரில் ஒரு வீட்டில் நடுராத்திரி சுவிட்ச் போட்டால் ஓடவில்லை. திறந்து பார்த்தேன். வயர் நுழையும் இடத்தில் எலி குட்டி போட்டிருந்தது, அதுவும் எங்கேயாவது மேடு தேடித்தான் வந்திருக்கும்.